மலைச் சதுப்பிலிருந்து கழிமுகம் வரை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுப்பு, ஓடை, கழிமுகம் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று அளந்து, அதைக் கணக்காக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் (மாதிரி, மாடல் என்பார்கள்) வேலையைப் பற்றி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், காய்கறித் தோட்டக்காரர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. சில கேள்விகளுக்கு நீளமான பதில் வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

கழிமுகம் இருப்பது கடலோரத்தில். ஊட்டியில் இருப்பவர்களுக்கு அதில் என்ன வேலை?

நீலகிரித் தண்ணீர் இரண்டு கடலுக்குப் போகிறது. குந்தா, குன்னூர்ப் பக்கம் பெய்வது பவானியில் இறங்குகிறது. பைக்காராப் பக்கம் பெய்வது மாயாறாகிப் பவானிசாகரில் வந்து சேர்கிறது. இரண்டும் ஒன்றாகிக் கூடுதுறையில் காவிரியோடு கலந்து, கடைசியில் பூம்புகார், கொள்ளிடம் முகத்துவாரங்களில் வங்கக்கடலைத் தொடுகின்றன. கூடலூர், பந்தலூர் மேற்குச் சரிவில் விழும் மழைக்கு வேறு வழி. பாண்டியாறு, புன்னம்புழை என்று இறங்கி, சாலியாற்றில் சேர்ந்து, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கழிமுகத்தைக் கணக்கிடுபவரும் மலைச் சதுப்பைக் கணக்கிடுபவரும் அடிப்படையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது, நடுவில் எவ்வளவு நேரம் தங்குகிறது? கழிமுகத்தில் இதை அளக்கப் படகு வேண்டும், பணம் வேண்டும். மலையில் ஒரு சின்னச் சதுப்பை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். கற்றுக்கொள்ள இதுதான் நல்ல இடம்.

மலையில் சதுப்பா? எங்கே இருக்கிறது?

இரண்டு புல்மேடுகளுக்கு நடுவில் தட்டையாக ஒரு பள்ளம் இருக்கும். பிப்ரவரியில் சரிவெல்லாம் உறைபனியில் கருகிப் பழுத்திருக்கும்போது அந்தப் பள்ளம் மட்டும் பச்சையாக இருக்கும். கால் வைத்தால் புதையும். முக்குருத்தி, மேல்பவானி, போர்த்திமந்து, சாண்டிநல்லா பக்கங்களில் இன்னும் பார்க்கலாம். தோடர்கள் எருமை மேய்த்தது இவற்றின் ஓரங்களில்தான். அவர்கள் கோயில் கூரைக்கு வேயும் புல்லும் சதுப்பில் வளர்வதே.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனி அங்கேதான் அதிகம். ஈரமும் உறைபனியும் சேர்ந்த இடத்தில் மரக்கன்று தப்பிப்பது கடினம். சோலைக் காடுகளுக்கு நடுவே சதுப்பு மொட்டையாகக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். யாரோ மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கே மரம் நடப் போகிறவர்கள் ஆண்டுதோறும் கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஊருக்குள் இருந்தவை பெரும்பாலும் போய்விட்டன. ஊட்டி ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் பள்ளத்து ஓடையை மறித்துக் கட்டியது. பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் அந்தத் தட்டையான பரப்பு முன்பு ஏரிக்குள் இருந்தது. கனமழையில் அங்கே தண்ணீர் தேங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சதுப்பு ஸ்பாஞ்சு மாதிரி, மழையில் உறிஞ்சிக் கோடையில் விடும் என்கிறார்களே?

பாதி சரி. பள்ளிக்கூடச் சுவரொட்டியில் எழுத நன்றாக இருக்கும், கணக்குக்கு உதவாது.

ஜூலையில் மேல்பவானிச் சதுப்பு ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நிரம்பிய ஸ்பாஞ்சு மேலும் எதையும் உறிஞ்சாது. அப்போது விழும் மழை அப்படியே மேலோடி ஓடைக்குப் போய்விடும். நடு மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கூட்டுவதில் சதுப்புக்கும் பங்கு உண்டு என்பதுதான் உண்மை.

கோடையில் ஓடையைக் காப்பாற்றும் தண்ணீரில் பெரும்பங்கு சதுப்புக்குள் இருப்பது அல்ல. சுற்றியுள்ள மேடுகளின் ஆழமான மண்ணிலும், அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்துப்போன பாறையிலும் இறங்கியிருக்கும் தண்ணீர்தான் மெல்ல மெல்லக் கசிந்து பள்ளத்துக்கு வருகிறது. அந்தக் கசிவு வெளியேறும் வாசலில் சதுப்பு உட்கார்ந்திருக்கிறது. நார்ச்சத்து நிறைந்த அதன் கருமண் வழியாகத் தண்ணீர் வேகமாகப் போக முடியாது. அதனால் மேட்டிலும் நீர்மட்டம் சட்டென்று இறங்காமல் நிற்கிறது. சதுப்பின் குறுக்கே ஒரு ஆழமான கால்வாய் வெட்டினால் அந்த வாசல் திறந்துவிடும். சதுப்பு மட்டும் காய்வதோடு நிற்காது, மேட்டுத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும்.

ஆகவே சதுப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதன் வேலிக்குள் மட்டும் பார்க்கக் கூடாது. அதற்கு மேலே உள்ள சரிவு முழுவதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மாதிரி, மாடல் என்கிறீர்கள். அது என்ன?

வரவு செலவுக் கணக்கு. மழை வரவு. ஆவியாதலும், செடிகொடிகள் இலை வழியே விடுவதும், ஓடையில் போவதும் செலவு. மிச்சம் மண்ணில் இருப்பு. ஒவ்வொரு நாளும் இதை எழுதிக்கொண்டே போனால் அதுதான் மிக எளிய மாதிரி. பெரிய மென்பொருள்கள் இதையே நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்துச் செய்கின்றன.

ஆனால் எந்த மாதிரியிலும் நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான். மழை நின்ற பிறகு ஓடை என்ன வேகத்தில் வற்றுகிறது? டிசம்பர் மழை விட்டபின் ஓடையில் விநாடிக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். தினமும் முந்தைய நாளைவிட 2 சதவீதம் குறைந்தால் 60 நாள் கழித்து 3 லிட்டர் இருக்கும். தினமும் 5 சதவீதம் குறைந்தால் அதே 60 நாளில் அரை லிட்டர்கூட மிஞ்சாது. ஜனவரியில் இரண்டு ஓடையும் ஒன்று போலத் தெரியும். மார்ச்சில் ஒன்றில் எருமை தண்ணீர் குடிக்கும், இன்னொன்றில் கல் தெரியும். பள்ளத்தாக்கின் மண், பாறை, மரம், கால்வாய் எல்லாவற்றின் விளைவும் தினமும் குறையும் அந்தச் சதவீதத்தில் அடங்கிவிடுகிறது. ஆண்டு மொத்த நீர் எவ்வளவு என்று பேசுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அதை அளக்க என்ன செலவாகும்?

அதிகமில்லை. ஒரு தகட்டில் 90 பாகை கோணத்தில் ஆங்கில வி எழுத்துப் போல வெட்டி, ஓடைக்குக் குறுக்கே கசிவில்லாமல் நிறுத்த வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று, தகட்டுக்குச் சற்று முன்னால் நட்ட அளவுகோலில் படிக்க வேண்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, 1.38 ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். 10 செ.மீ. உயரம் என்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 20 செ.மீ. என்றால் 8.8 அல்ல, ஏறக்குறைய 25 லிட்டர். 5 செ.மீ. என்றால் முக்கால் லிட்டர்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 5 செ.மீ. இருக்கும்போது ஒரு செ.மீ. கூடுதலாகப் படித்துவிட்டால் நீரளவு ஐம்பது சதவீதத்துக்கு மேல் பிசகிவிடும். நமக்கு முக்கியமான கோடைக்கால அளவுகள்தான் இப்படி எளிதில் கெட்டுப்போகின்றன. வெட்டில் சருகு சிக்கினாலும் இதே கதி. ஆகையால் மழைக்காலத்தில் காட்டும் உற்சாகத்தைவிடப் பிப்ரவரி, மார்ச்சில் அதிகக் கவனம் வேண்டும். எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

சதுப்புக்குள் துளையிட்ட பி.வி.சி. குழாய்களை நட்டு, நிலத்தடி நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து வந்தால் இன்னும் நல்லது.

மழை அளவுக்கு ஊட்டி நிலையத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் ஓடை ஊட்டி நகரில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். நீலகிரியில் மழை மேடு தாண்டினால் மாறிவிடும். தென்மேற்குப் பருவமழை மேற்கு ஓரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே தூறலாகத்தான் வரும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தபோது மாவட்டத்தின் கிழக்குப் பகுதி அப்படி ஒன்றும் நனைந்துவிடவில்லை. 2009 நவம்பரில் இதற்கு நேர் மாறாக, கேத்திப் பக்கம் மழை கொட்டி, நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர். 40 ஹெக்டேர் பள்ளத்தாக்கில் 10 மி.மீ. தவறாகப் போட்டால் 40 லட்சம் லிட்டர் கணக்கில் உதைக்கும். விலை குறைந்த மழைமானியானாலும் பரவாயில்லை, அது உங்கள் பள்ளத்தாக்குக்குள் இருக்க வேண்டும்.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பது உண்மையா?

இதற்கு ஊகம் தேவையில்லை. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் அளந்தே காட்டினார்கள். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, 1968 முதல் சில ஆண்டுகள் இரண்டையும் அப்படியே விட்டு அளந்தார்கள். அப்புறம் 1972இல் ஒன்றில் மட்டும், அதன் பரப்பில் 59 சதவீதத்தில், புல்வெளியில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை இயற்கையாக விட்டார்கள். மழை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் வித்தியாசத்துக்கு வேறு சாக்குச் சொல்ல முடியாது.

முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் கட்டையிலிருந்து தழைத்த இரண்டாவது சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. வேர் ஏற்கெனவே ஆழமாக இருந்ததல்லவா? ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொரு முடிவு. வறண்ட கால நீரோட்டத்தைக் காட்டும் குறியீடு முதல் சுற்றில் பாதியாகவும், இரண்டாவது சுற்றில் நாலில் ஒரு பங்கு அளவுக்கும் இறங்கியது. ஆண்டுச் சராசரியில் 16 சதவீதம் என்று படித்தால் பெரிதாகத் தெரியாது. ஓடையை நம்பியிருப்பவருக்குக் கோடையில் பாதித் தண்ணீர் போய்விட்டது. இரண்டும் ஒரே ஓடையைப் பற்றிய உண்மைதான்.

அப்படியானால் கற்பூரம், சீகை (வாட்டில்) மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமே?

ஒரே மூச்சில் வெட்டினால் மழைக்காலத்தில் மண் இறங்கிவிடும். சீகையை வெட்டினால் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து மறுபடி முளைக்கும். முட்செடி வந்து ஆக்கிரமிக்கும். முதலில் சதுப்புக்குள்ளும் அதன் ஓரத்திலும் இருப்பவற்றை எடுத்து, வருஷா வருஷம் கன்று பிடுங்கிக்கொண்டே இருக்க ஆள் இருந்தால் மட்டும் மேலே போகலாம். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே கை வைக்காமல் இருப்பதே மேல்.

எங்கள் ஓடையில் நாலு பேர் மோட்டார் போட்டிருக்கிறார்கள். கேரட் கழுவும் இடமும் இருக்கிறது. கணக்கு எப்படி வரும்?

அவற்றைச் சேர்க்காவிட்டால் வராது. கோடையில் ஓடையில் 4 லிட்டர் ஓடுகிறது, ஒவ்வொரு மோட்டாரும் விநாடிக்கு ஒன்றிரண்டு லிட்டர் இழுக்கிறது என்றால் கீழே என்ன மிஞ்சும்? இதைத் தெரியாமல் கணினியில் போட்டால், வறட்சிக்கு மரமே காரணம், மண்ணே காரணம் என்று மாதிரி எதன்மேலாவது பழியைப் போட்டுவிடும். விடியற்காலையில், மோட்டார் ஓடத் தொடங்கும் முன் ஓர் அளவு, மதியம் ஓர் அளவு எடுத்தால் வித்தியாசம் பிடிபடும். தோட்டக்காரர்களிடம் சண்டைக்குப் போகாமல், எந்த நேரம் ஓட்டுகிறார்கள் என்று கேட்டாலே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

மலைக்குச் செய்த மாதிரியைக் கழிமுகத்துக்கும் பயன்படுத்தலாமா?

முடியாது. மலையில் தண்ணீர் ஒரே திசையில், கீழ்நோக்கிப் போகும். கழிமுகத்தில் நம் கிழக்குக் கரையில் நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்குகிறது. ஓட்டம் திசை மாறும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. அதனால் மேலே நன்னீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அடியில் உப்புநீர் உள்ளே நுழைந்துகொண்டிருக்கலாம். மேல்மட்டத்தில் மட்டும் ஒரு குடுவை மொண்டு சோதித்துவிட்டு, உப்பில்லை என்று எழுதுவது சிரிப்புக்கிடமானது.

வண்டலும் அப்படித்தான். நன்னீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படிகின்றன. அந்தச் சேற்றில்தான் அலையாத்திச் செடிகள் வேர் விடுகின்றன. செடி வந்ததும் ஓட்டம் மெதுவாகி இன்னும் வண்டல் படியும். ஆகவே அங்கே தண்ணீர், உப்பு, வண்டல், செடி நான்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தரைமட்டத்தை ஒரு சாண் தவறாக எடுத்தாலும் எந்த இடம் நனையும், எது காயும் என்பதே மாறிவிடும். தமிழகக் கரையில் ஏற்றவற்ற வித்தியாசமே சுமார் ஒரு மீட்டருக்குள்தான்.

இதற்குப் பிச்சாவரம் நல்ல சாட்சி. பழைய காலத்தில் கூப்புப் போட்டு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை காய்ந்து அமிழ்ந்து, தொட்டி போல ஆனது. ஏறிய கடல்நீர் திரும்பி வடியாமல் அங்கே ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. கன்று நட்டும் பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஏற்ற நீர் வந்து போக வழி செய்தபின்தான் காடு மீண்டது. மலைச் சதுப்பில் கால்வாய் வெட்டினால் கெடுகிறது, அலையாத்திக் காட்டில் கால்வாய் வெட்டினால் பிழைக்கிறது. தண்ணீர் எப்படி வருகிறது, போகிறது என்று முதலில் பார்க்காமல் ஒரு ஊர் மருந்தை இன்னொரு ஊருக்கு எடுத்துப்போனால் ஆபத்து.

நீலகிரிச் சதுப்புதான் பிச்சாவரத்தைக் காப்பாற்றுகிறது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். சரியா?

மிகை. நடுவில் எத்தனை அணைகள்! மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு, குந்தா, பில்லூர், பைக்காரா, அப்புறம் 1955இல் முடிந்த பவானிசாகர். அதன் கீழே கீழ்பவானிப் பாசனம். மார்ச்சில் போர்த்திமந்துச் சதுப்பிலிருந்து கசியும் தண்ணீர் எப்போது, எங்கே போகும் என்பதை மின்வாரியத்தின் மின்தேவையும் பாசன அட்டவணையும் தீர்மானிக்கின்றன. அது பிச்சாவரத்தை ஒட்டிய கொள்ளிடம் முகத்துவாரத்தில் உப்பைக் குறைக்கிறது என்று எந்தக் கணக்கிலும் காட்ட முடியாது. வண்டலும் அணைகளில் தங்கிவிடுகிறது.

சாலியாறு வேறு கதை. 169 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றின் முதன்மைப் போக்கில் பவானிசாகர் போன்ற பெரிய தேக்கம் இல்லை. கோடையில் கடலுப்பு மேலேறாமல் தடுக்க ஊர்க்கடவில் ரெகுலேட்டர் பாலமே கட்ட வேண்டியிருந்தது. ஆற்றில் நன்னீர் குறையக் குறைய உப்பு உள்ளே வரும் என்பதால், பந்தலூர் மேடுகளில் ஓடைகள் எவ்வளவு வேகமாக வற்றுகின்றன என்ற அதே எண் அங்கே உண்மையிலேயே பொருள்படுகிறது. மலைக்கும் கழிமுகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய ஆசைப்படும் மாணவர்கள் காவிரியை விட்டுவிட்டுச் சாலியாற்றை எடுங்கள் என்பது என் யோசனை. தரவுக்குக் கேரளத்திலும் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சதுப்புகளுக்கு எவ்வளவு வயது?

நினைப்பதைவிட அதிகம். காற்றுப்படாத ஈரத்தில் செடிகொடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் கரியை (கார்பனை) எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு. அந்த வித்தியாசம் மண்ணில் தங்கிய கரியிலும் தெரியும். 1993இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் இதைப் படித்து, ஏறக்குறைய 20,000 ஆண்டுக் காலநிலை வரலாற்றை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது இங்கே வறட்சி, புல் மேலோங்கியது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. மனிதன் காட்டை அழித்ததால் மட்டுமே புல்வெளி வந்தது என்ற வாதத்துக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட மண்ணைப் பொக்லைன் வைத்து ஒரே நாளில் அள்ளி, பூந்தொட்டிக்கு உரமாக விற்பது இன்னும் நடக்கும் காரியம்தான்.

மாதிரி சொல்வதை எப்போது நம்பலாம்?

அதற்குக் காட்டாத ஆண்டில் அது சரியாகச் சொன்னால். நாலு ஆண்டு அளவுகள் இருந்தால் இரண்டை வைத்து மாதிரியைச் சரிசெய்துகொண்டு, மீதி இரண்டை ஒளித்துவைத்துச் சோதிக்க வேண்டும். எல்லா அளவையும் கொடுத்துவிட்டுப் பொருந்துகிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்று: பொருத்தம் பார்க்கப் பொதுவாகப் பயன்படும் மதிப்பெண்கள் பெரிய வெள்ளங்களுக்கே அதிக எடை கொடுக்கும். ஆகஸ்டு வெள்ளத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், மார்ச் ஓடை வற்றியே போனதாகச் சொன்னாலும் மதிப்பெண் உயரமாகத்தான் வரும். சிறிய ஓட்டங்களுக்கும் எடை கிடைக்கும்படி, நீரளவின் மடக்கையை (லாகரிதம்) எடுத்து ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பல அழகான ஆய்வறிக்கைகள் அங்கே சரிந்துவிடும்.

எந்த மென்பொருள் நல்லது? சாதாரண லேப்டாப் போதுமா?

ஸ்வாட் இலவசம், நம் ஊர்க் கல்லூரிகளில் அதிகம் புழங்குவது. ஆனால் அது பெரிய ஆற்றுப்படுகைகளுக்காக அமெரிக்க வேளாண்துறையில் உருவானது. 40 ஹெக்டேர் சதுப்புக்கு எக்செல் தாளே போதும், லேப்டாப் தாராளம்.

நிலச்சரிவை இது முன்கூட்டிச் சொல்லுமா?

இந்த வகை மாதிரி சொல்லாது. மண் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். எந்தச் சரிவு, எந்த மணி என்பது வேறு துறை.

எங்கள் ஊர்ச் சதுப்பு அரசு வரைபடத்தில் இல்லை. பாதுகாப்பு கிடைக்காதா?

இஸ்ரோவின் தேசிய ஈரநில வரைபடத்தில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவை வெறும் புள்ளியாகத்தான் வரும். நம் மலைச் சதுப்புகளில் பல அந்த அளவுதான், அதிலும் விளிம்பு புல்வெளியோடு கலந்திருப்பதால் புள்ளிகூட விழாமல் போகும். ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017இல் வந்தன. கடலோரத்துக்குத் தனி ஒழுங்குமுறை அறிவிக்கை இருப்பதால் அங்குள்ளவை அதன்கீழ் வருகின்றன. மலையில் உள்ளவற்றுக்கு, காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனச்சட்டமே பெரிய பாதுகாப்பு. வெளியே இருப்பவைதான் அந்தரத்தில் நிற்கின்றன.

கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் நிறுவனம் மலைச் சதுப்புகள் குறித்து நெடுங்காலமாக வேலை செய்கிறது, அவர்களிடம் கேட்கலாம். சர்வே எண், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஓராண்டாவது எடுத்த நீர்மட்ட அளவுகள் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், வெறும் உணர்ச்சிக் கடிதத்தைவிட நின்று பேசும். காட்டு நிலத்தில் தகடோ குழாயோ நடுவதற்கு முன் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். தோடர் மந்துக்கு (குடியிருப்புக்கு) பக்கத்தில் என்றால் முதலில் மந்துக்காரர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குப் புனிதமான ஊற்றுகள் எவை என்று வெளியாள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.